வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பணியில் சேர்ந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் சிறிய ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். மகன் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறான். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். கொரோனா வார்டில் வேலை பார்த்த நாட்களுக்குப் பிறகு எனக்கு எதிலும் பிடிப்பு இல்லை. பௌர்ணமி கிரிவலத்துக்குப் போக ஆரம்பித்தேன். ரமணாசிரமத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கிற அமைதி வேறெங்கும் கிடைப்பதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு சிறிய அறை எடுத்துத் தங்கி, மீதி வாழ்நாளைத் தியானத்தில் கழிக்க நினைக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்த நாட்களில்கூட விடியற்காலை எழுந்து உட்காரும் பழக்கத்தை விடவில்லை.

ஒரு சத்சங்கத்தில் பேசிய சுவாமி, ‘கர்மத்தால் மோட்சம் கிடையாது, செயல் எல்லாமே கட்டு, துணிந்து விடுங்கள்’ என்றார். என்னுடன் வேலை பார்க்கும் அக்காவோ, ‘நோயாளிக்குச் செய்யும் தொண்டுதான் தியானம், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வது சுயநலம்’ என்கிறார். இருவருமே கீதையைத்தான் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? இப்போதெல்லாம் வார்டில் ஊசி போடும்போதும் மனத்துக்குள் மந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது நல்ல அடையாளம்தானே? கணவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முடிவெடுத்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பத்தை இப்போது கொடுக்க வேண்டாம். காரணங்களைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான் என்பதால் இதையே முதலில் வைக்கிறேன். தியானம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதாக நினைத்துவிடாதீர்கள். அது உங்களுக்கு இன்னும் ஆழமாக வேண்டும்.

நீங்கள் கேட்டதை அர்ஜுனன் மூன்று முறை கேட்டான். மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், ‘செயலைவிட ஞானம் உயர்ந்தது என்றால் என்னை ஏன் இந்தக் கொடுஞ்செயலில் இறக்குகிறாய்? கலந்து கலந்து பேசி என் புத்தியைக் குழப்புகிறாய், ஒன்றை உறுதியாகச் சொல்’ என்று ஏறக்குறைய சண்டைக்கே வருகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் மறுபடியும் அதே கேள்வி. பதினெட்டாம் அத்தியாயத்தில், எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகும், சன்னியாசத்தையும் தியாகத்தையும் விளக்கு என்று மீண்டும் தொடங்குகிறான். கண்ணனிடம் நேரில் கேட்டவனுக்கே இவ்வளவு தடுமாற்றம் இருந்தது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லக் கேட்ட நீங்கள் குழம்பியதில் குறை ஏதும் இல்லை.

பலரும் வேகமாகக் கடந்துபோகிற ஒரு சுலோகம் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பீஷ்மரையும் துரோணரையும் கொல்வதைவிடப் பிச்சையெடுத்து உண்பதே மேல் என்கிறான் அர்ஜுனன். பிச்சையெடுத்து உண்பது துறவியின் வாழ்க்கை. ஆக, துறவு கேட்டு நிற்கும் ஒருவனிடமிருந்துதான் கீதை தொடங்குகிறது. கண்ணன் அதைக் கொடுக்கவில்லை. துறவு தாழ்ந்தது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. வில் கைநழுவி, வாய் உலர்ந்து, உடல் நடுங்கி நிற்கும் நேரத்தில் அவன் கேட்கிறான். அந்த நேரத்தில் அவன் வாயில் வந்தது துக்கத்தின் பேச்சு. வைராக்கியம், அதாவது பற்று விட்ட தெளிவு, அப்படிப் பேசாது.

உங்கள் கடிதத்தில் ‘கொரோனா வார்டில் வேலை பார்த்த நாட்களுக்குப் பிறகு’ என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 2021 மே மாதத்தில் அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். நீங்கள் உள்ளே நின்றீர்கள். வீட்டார் யாரும் அருகில் வர முடியாமல் ஒருவர் உயிர்விடும்போது, கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரே மனிதமுகம் உங்களுடையது. அதை யாரிடமாவது உட்கார்ந்து சொன்னீர்களா? கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். திருவண்ணாமலைக்குப் பத்து வரி.

‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அப்பர் வாக்கு பல மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருக்கிறது. உங்கள் வார்டிலும் இருக்கலாம். திருக்கடம்பூர்ப் பதிகத்தில் வரும் அந்த அடிக்கு முந்தைய அடியைச் சுவரில் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்: ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல்.’ தாங்குவது அவன் கடன், பணி செய்வது என் கடன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் முழுமை பெறும். முதல் பாதியை விட்டால், தாங்குகிற வேலையும் நம் தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீதை ‘பலனில் உனக்கு உரிமை இல்லை’ என்று சொல்வதும் இதைத்தான். நம்மவர்கள் பலன் என்றால் சம்பளம், பதவி உயர்வு, பாராட்டு என்று நினைக்கிறார்கள். ஒரு செவிலியருக்குப் பலன் என்பது நோயாளி பிழைத்தெழுவது. அதன் மீதான பற்றை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அது நல்ல பற்று. பிழைக்காதவர்கள் ஒவ்வொருவரையும் நீங்கள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சுமையோடு அருணாசலத்துக்குப் போனால் அங்கேயும் அது கூடவேதான் வரும்.

இங்கே ஒரு நடைமுறைப் பேச்சு. எதிலும் பிடிப்பு இல்லை என்பது வேதாந்தம் சொல்லும் வைராக்கியமாக இருக்கலாம், மன அழுத்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தூக்கம், பசி, காரணமில்லாத அழுகை, பிடித்த உணவிலும் பாட்டிலும் ஆர்வமின்மை ஆகியவற்றை ஒரு நோயாளியிடம் நீங்கள் எப்படிக் கேட்டறிவீர்களோ அப்படி உங்களையே கேட்டுப் பாருங்கள். பிறகு மனநல மருத்துவரை ஒரு முறை பாருங்கள். இதனால் உங்கள் ஆன்மிகத்துக்கு எந்தக் குறையும் வராது. பதினெட்டாம் அத்தியாயத்தில், உடலுக்குத் துன்பம் என்ற அச்சத்தால் கடமையை விடுபவன் தியாகத்தின் பலனைப் பெறுவதில்லை என்று கண்ணன் சொல்கிறார். இதை உங்கள் மீதான கண்டனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். களைத்தவருக்கு வேண்டியது ஓய்வு. அந்த ஓய்வை எடுத்துக்கொள்ள ஒருவர் துறவியாக வேண்டியதில்லை.

இனி அந்த இரண்டு பேரிடம் வருகிறேன்.

கர்மத்தால் மோட்சம் இல்லை என்று சுவாமி சொன்னது சங்கரரின் கொள்கைதான். செயல் மனத்தைத் தூய்மை செய்யும், மெய்ப்பொருளைக் காட்டித் தருவது ஞானமே என்பது அவர் நிலை. ஞானத்தையும் கர்மத்தையும் சரிசமமாகக் கலந்து வீடு பெறலாம் என்ற வாதத்தை அவர் கீதை உரை முழுவதும் மறுத்துக்கொண்டே போகிறார். ஆனால் அந்தத் தூய்மை வருவதற்கு முன்பே செயலை விட்டுவிடு என்று அவர் சொன்னதே இல்லை. பாலகங்காதர திலகர் மாண்டலே சிறையில் எழுதி 1915-இல் வெளியிட்ட ‘கீதா ரகசியம்’ சங்கரரை நேருக்கு நேர் மறுத்து, ஞானம் வந்த பிறகும் செயல்தான் கீதையின் தீர்ப்பு என்கிறது. ராமானுஜர் கர்மயோகமே எளிது, வழுக்காதது என்பார். இவ்வளவு வேறுபடுகிற இவர்களில் ஒருவர்கூட, பக்குவமாகாத மனத்தோடு கடமையைக் கைவிடு என்று சொல்லவில்லை. சுவாமி பாதி சுலோகத்தைச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

நீங்கள் போய் அமர்கிற சந்நிதியின் ரமணரே இதைத் தமிழில் எழுதியிருக்கிறார். ‘உபதேச உந்தியார்’ முப்பது பாடல்கள்தான். பலனை விரும்பாமல் இறைவனுக்காகச் செய்யும் செயல் கருத்தைத் திருத்தும், முக்திக்கு வழி காட்டும் என்கிறது மூன்றாம் பாடல். வீட்டைத் துறக்கட்டுமா என்று அவரிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இப்போது ‘நான் இல்லறத்தான்’ என்ற எண்ணம் இருக்கிறது, வெளியே போனால் ‘நான் சன்னியாசி’ என்ற எண்ணம் வந்து அந்த இடத்தில் உட்காரும், தடையாக இருப்பது மனம்தான் என்பது அவர் தந்த விடை. ‘அவர் மட்டும் பதினாறு வயதில் வீட்டை விட்டு வரவில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். 1896-இல் மதுரையிலிருந்து கிளம்பியபோது அவர் யாரிடமும் ‘போகலாமா’ என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்குள் இரண்டு மனம் இருக்கவில்லை. பிற்காலத்தில் அதே ரமணர் விடியற்காலையில் ஆசிரமச் சமையலறையில் காய்கறி நறுக்கினார், சட்னி அரைத்தார், அச்சுக்குப் போகும் நூல்களில் பிழை திருத்தினார். தாயார் அழகம்மை 1916-இல் அவரிடமே வந்து சேர்ந்தபோது தள்ளவில்லை. 1922-இல் அந்தத் தாயின் கடைசி மணிநேரங்களில் அவர் தலையிலும் நெஞ்சிலும் கைவைத்தபடி அருகிலேயே இருந்தார்.

உங்களுடன் வேலை பார்க்கும் அக்கா சொல்வது எனக்கு மனத்தளவில் நெருக்கமானது. இருந்தாலும் அவர் சொல்வதும் பாதிதான். கண்ணை மூடி உட்கார்வது சுயநலம் என்றால் கீதையின் ஆறாம் அத்தியாயத்தையே கிழித்துவிட வேண்டியிருக்கும். தனி இடம், அதிக உயரமோ தாழ்வோ இல்லாத ஆசனம், நேராக நிமிர்ந்த முதுகு என்று அமரும் முறைவரை அதில் சொல்லியிருக்கிறது. எல்லா வேலையையும் கர்மயோகம் என்று அழைப்பது இன்று மிகச் சுலபமாகிவிட்டது. பரபரப்பாக ஓடுகிறவர்கள் எல்லாரும் கர்மயோகிகள் என்றால் நம் நகரங்களின் அலுவலகங்களில் யோகிகள் நிரம்பி வழிய வேண்டும். தன் மனம் என்ன செய்கிறது என்று நின்று பார்க்கத் தெரியாதவர் செய்யும் தொண்டில், நாளாக நாளாக ‘நான் இல்லாவிட்டால் இந்த வார்டு என்ன ஆகும்’ என்ற எண்ணம் வளர்ந்துவிடும். அது வளர்ந்த பிறகு நோயாளி நம் பெருமைக்கான கருவியாகிவிடுவார்.

இந்த வழக்கு ராமகிருஷ்ணர் பரம்பரைக்குள்ளேயே நடந்தது. உங்கள் தொழிலோடு சேர்ந்தது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மருத்துவமனைகளும் மருந்தகங்களும் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்ட சம்பு மல்லிக் என்ற அன்பரிடம் ராமகிருஷ்ணர், ‘கடவுள் எதிரில் வந்து நின்றால் அவரிடம் ஆஸ்பத்திரியா கேட்பாய்?’ என்று கேட்டார். அதே ராமகிருஷ்ணர், எந்நேரமும் சமாதியிலேயே மூழ்கியிருக்க வேண்டும் என்று கேட்ட நரேந்திரனைக் கடிந்துகொண்டார். பலருக்கு நிழல் தரும் ஆலமரமாக இருப்பாய் என்று நினைத்தேன், உன் முக்தியை மட்டும் தேடுகிறாயே என்றார். தொண்டைப் பற்றிக்கொண்டவரைத் தியானத்தின் பக்கம் இழுத்தார், தியானத்தைப் பற்றிக்கொண்டவரைத் தொண்டின் பக்கம் தள்ளினார். நரேந்திரன் விவேகானந்தராகி 1897-இல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியபோது, தன் விடுதலைக்கும் உலக நன்மைக்கும் என்ற இரண்டையும் சேர்த்தே அதற்குக் குறிக்கோளாக வைத்தார்.

ஹரித்துவாருக்கு அருகிலுள்ள கன்கலில் 1901-இல் அவருடைய சீடர் கல்யாணானந்தர் நோயுற்ற சாதுக்களுக்காக ஒரு சேவாசிரமம் தொடங்கினார். பின்னர் நிச்சயானந்தரும் சேர்ந்துகொண்டார். காவி உடுத்திய இருவரும் நோயாளிகளின் மலஜலத்தைத் தம் கையால் சுத்தம் செய்தார்கள். அங்கிருந்த பழைய மடத்துத் துறவிகள் அவர்களைத் தோட்டி வேலை செய்யும் சாமியார்கள் என்று இழிவாகப் பேசினார்கள், பந்தியில் தங்களோடு சேர்க்கவில்லை. அவர்கள் பதில் பேசாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். ரிஷிகேசத்தின் கைலாச ஆசிரமத் தலைவர் தன்ராஜ் கிரி, அத்வைதத்தில் பெரும் புலமை உடையவர், ஒரு விருந்தில் அவர்களை அழைத்து மரியாதை செய்த பிறகுதான் அந்த ஏளனம் அடங்கியது. பெட்பேன் எடுக்கும் கைகளுக்கும் வேதாந்தத்துக்கும் இடையில் எந்தச் சுவரும் இல்லை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தெரியாது. அந்தத் துறவிகளுக்கு ஜபமும் தியானமும் அன்றாடம் இருந்தன என்பதையும் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்.

இரண்டில் எது என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் சுலோகத்தில் இருக்கிறது. யோகத்தில் ஏற விரும்புகிறவனுக்குச் செயல் சாதனம், ஏறிவிட்டவனுக்கு அமைதி சாதனம். பாதையை முடிவு செய்வது இடமோ வேலையோ அல்ல, நாம் நிற்கும் படி. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை எங்கோ இருக்கும் நான் சொல்ல முடியாது. ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். ஒரு நோயாளி காரணமில்லாமல் உங்களைத் திட்டிய நாளில் எத்தனை நேரம் அது உள்ளே ஓடுகிறது? ஆசிரமத்தில் கிடைத்த அமைதி திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைந்த பிறகும் கொஞ்சமாவது நிற்கிறதா? நிற்கிறது என்றால் தியானம் வேரூன்றுகிறது, வேலை அதை அழிக்கவில்லை. நிற்கவில்லை என்றால் உங்களுக்குக் கிடைத்தது அந்த இடத்தின் அமைதி. அது விலைமதிப்பற்றது. அதை நம்பி வேலையை விட முடியாது.

மந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. இன்சுலின் எத்தனை யூனிட், ஹெபாரின் எத்தனை மில்லி, எந்தப் படுக்கை, எந்தப் பெயர் என்று பார்க்கும் நிமிடத்தில் மனம் முழுவதும் அந்த மருந்துக் குப்பியில்தான் இருக்க வேண்டும். செயலில் திறனே யோகம் என்று கீதை சொல்கிறது. ஊசி போடும்போது உள்ளே மந்திரம் ஓடுவது, மனம் அந்த வார்டை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். கை கழுவும்போது சொல்லுங்கள், ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நடக்கும்போது சொல்லுங்கள். மருந்தைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த நிறுத்தமும் வழிபாடுதான்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்ற கதை நம் ஊரில் வாசுகி அம்மையார் பெயரில் வழங்குகிறது. மகாபாரதத்தின் வன பர்வத்தில் அது கௌசிகன் என்ற தவசியின் கதை. பார்வையால் கொக்கை எரித்தவன், பிச்சை தரத் தாமதித்த ஒரு குடும்பப் பெண்ணிடம் தோற்று, அவள் சொற்படி மிதிலையில் இறைச்சி விற்கும் வேடன் ஒருவனிடம் பாடம் கேட்கப் போகிறான். அந்த வேடன் அவனைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய் முதிய பெற்றோரைக் காட்டி, இவர்கள்தாம் என் தெய்வங்கள் என்கிறான். பிறகு, உன் தாய் தந்தையரின் அனுமதி இல்லாமல் நீ வேதம் ஓதக் கிளம்பிவிட்டாய், அவர்கள் உன் துயரால் பார்வை இழந்து கிடக்கிறார்கள், போய்ப் பணிவிடை செய் என்று சொல்லி அனுப்புகிறான்.

இந்தக் கதையைப் பெண்களிடம் சொல்லி, ‘நீ வீட்டிலேயே கிட’ என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அதற்காகச் சொல்லவில்லை. வேடன் பேசியது ஒரு மகனிடம். படுக்கையில் இருப்பவர் உங்கள் கணவரின் தாய், உங்கள் மகனின் பாட்டி. மருத்துவமனையில் எட்டு மணி நேரம் செவிலியராக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் உடை மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, படுக்கைப் புண் பார்த்து, நீங்களே செவிலியராக இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு உட்கார ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? திருவண்ணாமலை அறையில் நீங்கள் தேடுவதில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரமாக இருக்கலாம். அதை வீட்டிலேயே கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இரவுப் பராமரிப்பைக் கணவர் ஏற்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளை மகன் ஏற்கட்டும். எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறீர்கள்.

அடுத்து, உங்களுக்குச் சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பில் ஒரு மாதம் எடுங்கள். முதல் பத்து நாட்கள் தூங்குங்கள். அதிகம் உறங்குபவனுக்கும் யோகம் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்று கண்ணனே சொல்லியிருக்கிறார். நைட் டியூட்டி முடித்த நாளிலும் விடியற்காலை எழுந்து உட்கார்வது சாதனை இல்லை, உடலை வதைப்பது. அதன் பிறகு திருவண்ணாமலைக்குப் போய் இரண்டு வாரம் தங்குங்கள். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாட்களாகப் பாருங்கள். அங்கே முதல் மூன்று நாள் இனிக்கும். அதற்குப் பிறகு வருகிற சலிப்பு, வீட்டு நினைவு, கோபம் இவைதான் உங்களுக்குப் பாடம். அவற்றோடு உட்கார முடிகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து வேலையில் சேர்ந்த பிறகும் ஆறு மாதம் கழித்து அதே நாட்டம், கசப்பில்லாமல், அவசரமில்லாமல் நின்றால் அப்போது மறுபடியும் யோசிக்கலாம். தாயுமானவர் திருச்சியில் நாயக்க மன்னரிடம் பணியில் இருந்தபோதே மௌனகுருவைத் தொடர்ந்து போக விரும்பினார். குரு உடனே அழைத்துக்கொள்ளவில்லை, ‘சும்மா இரு’ என்று சொல்லி இல்லறத்திலேயே இருக்கச் செய்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மனைவி மறைந்து, மகன் வளர்ந்த பிறகே துறவு வந்தது. காத்திருந்த காலத்தில் அவருக்கு எதுவும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

கணவரிடம் முடிவெடுத்த பிறகு சொல்வது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உபநிடத முனிவர் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுப் புறப்பட நினைத்ததும் முதலில் செய்தது மனைவி மைத்ரேயியை அழைத்து உட்காரவைத்துச் சொன்னதுதான். இரண்டு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துத் தந்துவிட்டுப் போகிறேன் என்றார். ‘பூமி நிறையச் செல்வம் இருந்தாலும் அதனால் நான் சாகாநிலை பெறுவேனா?’ என்று அவள் கேட்டாள். பிருகதாரண்யக உபநிடதத்தின் மிக உயர்ந்த உபதேசம் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. சொல்லாமல் கிளம்பியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உங்கள் ஓய்வூதியக் கணக்கு, மகனின் படிப்பு, கடை வருமானம், மாமியாரின் மருந்துச் செலவு எல்லாம் அவருக்கும் சேர்ந்தவை. கொரோனா வார்டைப் பற்றி நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லாததையும் அவரிடமே தொடங்கலாம். பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.